சுருக்கும்போதே உடைந்த இசட்லிப்: 2004 முதல் 2022 வரை இருந்த ஒரு நினைவகப் பிழை

2022 மார்ச் 24 அன்று கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி ஒரு விஷயத்தை வெளியில் சொன்னார். சுருக்கும் நிரல் ஒன்று, குறிப்பிட்ட ஓர் உள்ளீட்டைக் கொடுத்தால் தவறாமல் க்ராஷ் ஆகிறது. ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் கோளாறு அந்த நிரலில் இல்லை, தரவைச் சுருக்கவும் விரிக்கவும் அது நம்பிக் கூப்பிடும் இசட்லிப் 1.2.11 லைப்ரரிக்குள் இருக்கிறது. அதுவும் விரிக்கும்போது இல்லை, சுருக்கும்போது. பராமரிப்பவர்களிடம் தெரிவித்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது: இதே பிழையை 2018-லேயே ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், திருத்தமும் அதே ஆண்டு எழுதப்பட்டுவிட்டது, ஆனால் அது எந்த வெளியீட்டிலும் வரவில்லை.

இதற்குக் கிடைத்த சிவிஇ எண் (தெரியவந்த பாதுகாப்புப் பிழைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண்) சிவிஇ-2018-25032. எண்ணில் 2018, கொடுத்தது 2022. அந்த நான்கு ஆண்டு இடைவெளியைப் பற்றி அப்போது நிறையப் பேர் பேசினார்கள், பேச வேண்டியதும்தான். ஆனால் பிழை எப்படி உருவானது என்ற பகுதியை அதிகம் பேர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அது வெறும் கவனக்குறைவால் வந்தது கிடையாது. நினைவகத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தே செய்த ஒரு நல்ல ஏற்பாடு, அது நின்ற கணக்கோடு சேர்த்து, ஒன்பது ஆண்டு கழித்து வந்த ஒரு புது வசதியால் சத்தமில்லாமல் பொய்யாகிப் போனது. கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தால்தான் அது புரியும், அதனால் எண்களோடு எழுதுகிறேன்.

நினைவகத்தில் சுருக்கும்போது உள்ளே நடப்பது

உரையை நினைவகத்திலேயே சுருக்குவது இன்று ஒற்றை வரி வேலை. பைத்தானில் இசட்லிப் மாட்யூலை எடுத்து கம்ப்ரெஸ் என்று கூப்பிட்டால் போதும், பைட்டுகள் உள்ளே போய்ச் சின்னதாகி வெளியே வந்துவிடும், கோப்பு எதையும் திறக்க வேண்டியதில்லை. சர்வர் அனுப்பும் ஜேசன், கேஷில் வைக்கும் எச்டிஎம்எல், கிட் தன் ஆப்ஜெக்டுகளை வைத்துக்கொள்ளும் விதம், எல்லாவற்றுக்கும் அடியில் பெரும்பாலும் இந்த ஒரே சி லைப்ரரிதான் இருக்கிறது. சுருக்கும் பகுதியை ழான்-லூ கையியும் விரிக்கும் பகுதியை மார்க் ஆட்லரும் எழுதினார்கள், முதல் பொது வெளியீடு 1995 மே மாதம். பிஎன்ஜி படங்களுக்காக எழுதத் தொடங்கியது, பிறகு எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது.

இசட்லிப் சுருக்கும் முறைக்கு டிஃப்ளேட் என்று பெயர், அது இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில், இப்போது வரும் எழுத்துத் தொடர் கடந்த 32 கிலோபைட்டுக்குள் எங்கேயாவது ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடும். வந்திருந்தால் அந்தத் தொடரைத் திரும்ப எழுதாமல் 'இத்தனை பைட் பின்னால் போ, இத்தனை பைட் எடு' என்று தூரமும் நீளமுமாக ஒரு சோடியைக் குறித்துக்கொள்ளும், வரவில்லை என்றால் அந்த பைட்டை அப்படியே குறித்துக்கொள்ளும். நீளம் 3 முதல் 258 வரை இருக்கலாம். இரண்டாவது கட்டத்தில் இந்தக் குறிகளை ஹஃப்மன் குறியீடாக மாற்றும், அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட், அரிதாக வருவதற்கு அதிக பிட்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எது அடிக்கடி வருகிறது என்று எண்ணி முடித்தால்தான் குறியீடு போட முடியும், அதுவரை குறிகளை எங்கேயாவது சேர்த்து வைத்தாக வேண்டும். இசட்லிப்பில் மெம்லெவல் என்று ஓர் அமைப்பு உண்டு, 1 முதல் 9 வரை, இயல்பாக 8. அந்த 8-இல் ஒரு தொகுதிக்கு, அதாவது ஒரே தவணையில் குறியீடாகும் கூட்டத்துக்கு, 16,384 குறிகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு குறிக்கும் தூரத்துக்கு 2 பைட், நீளத்துக்கோ எழுத்துக்கோ 1 பைட், ஆக மொத்தம் 49,152 பைட். சுருக்கி முடித்த பிட்டுகளை வெளியே அனுப்பும்வரை வைத்திருக்க இன்னொரு பஃபர் (தற்காலிக நினைவக இடம்) தனியாக வேண்டும்.

அல்லது, வேண்டாம். இங்கேதான் அந்த ஏற்பாடு வருகிறது. குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து வெளியீட்டை எழுதுகிறோம், படித்து முடித்த குறி இனித் தேவையில்லை, அப்படியானால் அது இருந்த இடத்திலேயே வெளியீட்டை எழுதிக்கொள்ளலாமே? 1995-இல் டிஃப்ளேட் இயங்க இயல்பான அமைப்பில் 256 கிலோபைட் என்பது சின்ன எண் இல்லை, அன்றைய வீட்டுக் கணினிகளில் 4 மெகாபைட், 8 மெகாபைட் நினைவகம் சாதாரணம். அதனால் 65,536 பைட்டுக்கு ஒரே ஒரு துண்டை வாங்கி மூன்றாகப் பிரித்தார்கள். முதல் 16,384 பைட் காலி, அடுத்த 32,768 பைட்டில் தூரங்கள், கடைசி 16,384 பைட்டில் நீளங்களும் எழுத்துகளும். வெளியீடு துண்டின் தொடக்கத்திலிருந்து எழுதப்படும். ஒரே வயலில் ஒருவர் முன்னால் அறுத்துக்கொண்டே போக, அறுத்த இடத்தில் இன்னொருவர் பின்னாலேயே நட்டுக்கொண்டு வருவது மாதிரி: நடுகிறவர் அறுக்கிறவரை முந்தாத வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

முந்த மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மூல நிரலிலேயே ஒரு குறிப்பு இருந்தது. நீளம்-தூரம் சோடியின் வெளியீடு சராசரியாக 24 பிட்டுக்கு மேல் போகாது, அதனால் இந்தப் பஃபர்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது செல்லும் என்பது அதன் சாரம். கணக்கைப் பாருங்கள், அழகாக உட்காருகிறது. ஒரு குறியைப் படித்தால் தூரத்தின் 2 பைட் விடுபடும் (நீளத்தின் 1 பைட் துண்டின் கடைசியில் தனியே கிடப்பதால் அது உதவாது), தொடக்கத்தில் 16,384 பைட் முன்பணமாக இருக்கிறது. குறிக்கு 24 பிட், அதாவது 3 பைட் எழுதினால், 16,384 குறிகள் முடியும்போது எழுதியது 49,152, விடுபட்டது 16,384-உடன் 32,768 சேர்த்து அதே 49,152. ஒரு பைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதை யோசித்தவரை நான் மதிக்கிறேன், கத்திமுனையில் நிறுத்தியிருந்தாலும் சரியான கணக்குதான்.

2004-இல் வந்த புது உத்தி

இசட்லிப் ஒரு தொகுதியை மூன்று விதமாக எழுத முடியும். சுருக்காமல் அப்படியே, அந்தத் தொகுதிக்கென்றே தயாரித்த ஹஃப்மன் அட்டவணையோடு, அல்லது 1996-இல் வந்த டிஃப்ளேட்டின் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 1951 முன்கூட்டியே நிர்ணயித்த நிலையான அட்டவணையோடு. மூன்றுக்கும் அளவைக் கணக்கிட்டுச் சிறியதைத் தேர்ந்தெடுக்கும். நிலையான அட்டவணையில் நெடுந்தூரச் சோடிகள் கனமாகிவிட்டால், தயாரித்த அட்டவணை சின்னதாக வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த 24 பிட் சராசரியைக் காத்து நின்றது இந்தத் தேர்வுதான், குறிப்பில் அது எழுதப்படாவிட்டாலும்.

2004 டிசம்பர் இறுதியில் வந்த 1.2.2.2 பதிப்பில் இசட்-ஃபிக்ஸ்டு என்ற உத்தி சேர்ந்தது. நிலையான அட்டவணையை மட்டும் பயன்படுத்து, தனி அட்டவணை தயாரிக்காதே என்று சொல்வது அது. விரிக்கும் பக்கத்தை எளிமையாக வைத்துக்கொள்ள வேண்டிய சிறப்புப் பயன்பாடுகளுக்காக. தேவை நியாயமானது. ஆனால் சராசரியைக் காத்த தேர்வு இங்கே இல்லாமல் போய்விட்டது.

நிலையான அட்டவணையில் ஒரு சோடிக்கு அதிகபட்சம் எத்தனை பிட்? நீளத்தின் குறியீடு 8 பிட், கூடுதல் 5 பிட், தூரத்தின் குறியீடு 5 பிட், கூடுதல் 13 பிட். மொத்தம் 31. அந்த உச்சம் நீளம் 131-இலிருந்து 257-க்குள்ளும் தூரம் 16,384-க்கு மேலும் இருந்தால் வரும். 31 பிட் என்பது 3.875 பைட். ஒவ்வொரு குறிக்கும் 3.875 பைட் எழுதுகிறோம், 2 பைட் விடுபடுகிறது, ஆக 1.875 பைட் முன்பணத்திலிருந்து கரைகிறது. 16,384-ஐ 1.875-ஆல் வகுத்தால் 8,738. தொகுதி பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் எழுதும் கை படிக்கும் கையை முந்திவிடுகிறது, இன்னும் படிக்காத தூரங்கள்மேல் வெளியீடு விழ ஆரம்பிக்கிறது. மெம்லெவல் 1 என்றால் தொகுதிக்கு 128 குறிதான், அங்கே 69-ஆவது குறியிலேயே முந்திவிடும்.

அதற்கப்புறம் என்ன ஆகும் என்பது இன்னும் மோசம். அடுத்த குறிக்கான தூரத்தைப் படிக்கப் போனால் அங்கே இருப்பது தூரம் இல்லை, சுருக்கிய பிட்டுகளின் குப்பை. அந்தக் குப்பை 32,768-க்குள் ஏதோ ஓர் எண்ணாக அமைந்தால் சுருக்கம் வெற்றி என்று திரும்பி வரும், பிழைச் செய்தி எதுவும் இருக்காது, ஆனால் வெளியே வந்த தரவு கெட்டுப்போனது, யாராவது விரிக்க முயலும்போதுதான் தெரியவரும். 32,768-ஐத் தாண்டிய எண்ணாக அமைந்தால், தூரத்தை வைத்துக் குறியீட்டைத் தேடும் 512 இடங்கள் கொண்ட அட்டவணைக்கு வெளியே போய் லைப்ரரி படிக்கும், அங்கே கிடைத்ததை வைத்து இன்னொரு அட்டவணையில் தேடும், நிரல் விழலாம். இரண்டில் க்ராஷ்தான் மேல் என்று சொல்வேன். காப்பு எடுத்துவிட்டோம் என்று நம்பி மூல உரையை அழித்தவருக்கு முதல் வகை எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்தியது. இந்த முந்தலைப் பிடிக்கும் சோதனை நிரலில் இருந்தது! குறிகளை எழுதும் வளையத்துக்குள்ளேயே, இதுவரை எழுதியது 16,384-உடன் குறிக்கு இரண்டு பைட்டைச் சேர்த்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு அசெர்ட் இருந்தது, சரியான சூத்திரத்தோடு. ஆனால் அது பிழைதேடும் கட்டமைப்பில் மட்டுமே உயிரோடு இருக்கும், உலகம் முழுக்க ஓடும் பதிப்பில் கம்பைலர் அதைத் தூக்கிவிடும். புது உத்தியையும் நெடுந்தூரச் சோடிகள் நிறைந்த உள்ளீட்டையும் சேர்த்து, அந்த அசெர்ட்டை உயிரோடு வைத்து ஒரே ஒருமுறை ஓட்டியிருந்தால் 2004-லேயே பிடிபட்டிருக்கும்.

சாதாரண உரை ஏன் இதைத் தொடவில்லை

இத்தனை ஆண்டு யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், மனிதர்கள் எழுதும் உரை இந்தப் பள்ளத்தில் சுலபமாக விழாது என்பதுதான். உரையில் வரும் பொருத்தங்கள் பெரும்பாலும் குறுகியவை, அருகில் இருப்பவை, நடுநடுவே தனி எழுத்துகளும் வரும். தனி எழுத்துக்கு 8 அல்லது 9 பிட்தான், அது சராசரியைக் கீழே இழுத்துவிடும். வெறும் 3 பைட் நீளமும் 4,096-க்கு மேல் தூரமும் உள்ள பொருத்தங்களை இசட்லிப் தன் வழக்கமான சுருக்க நிலைகளில் எடுத்துக்கொள்வதும் இல்லை, லாபம் இல்லை என்று விட்டுவிடும்.

தமிழ் உரையைச் சுருக்குகிறவர்களுக்கு இங்கே ஒரு பக்கக் குறிப்பு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட், முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. நிலையான அட்டவணையில் 144 முதல் 255 வரையான பைட்டுகளுக்கு 9 பிட். அதாவது பொருத்தம் கிடைக்காத இடங்களில் தமிழ் எழுத்து மூல அளவைவிட வீங்கிவிடும். அந்த அட்டவணை ஆங்கில எழுத்துகள் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு 8 பிட் கொடுத்து வைத்த ஒன்று. ஆகவே தமிழுக்கு இந்த உத்தியைத் தொடுவதில் பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, லாபமே இல்லை. தயாரித்த அட்டவணை அந்த 224-ஐயும் 174-ஐயும் அடிக்கடி வருவதாகக் கண்டுபிடித்துச் சில பிட்டிலேயே முடித்துவிடும்.

சாதாரண உரை தொடாது என்பதால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விரிப்பது ஆபத்து, ஏனென்றால் யாரோ கொடுத்த கோப்பு. சுருக்குவது பத்திரம், ஏனென்றால் நம் சொந்தத் தரவு என்ற எண்ணம் நிரல் எழுதுகிறவர்களிடம் ஆழமாக இருக்கிறது. இன்றைக்கு நினைவகத்தில் சுருக்கப்படும் உரையில் எவ்வளவு நம்முடையது? பயனர் எழுதிய பின்னூட்டம், அவர் ஏற்றிய கோப்பு, அவர் அனுப்பிய கோரிக்கை பதிவான லாக், எல்லாம் சர்வரில் சுருக்கப்படுகின்றன. உள்ளீட்டை வேண்டுமென்றே வடிவமைக்கிறவர் அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கலாம். இயல்பான உத்தியிலும்கூட மெம்லெவல் 1 வைத்தால் இந்தப் பிழையைத் தூண்ட முடியும் என்று பிறகு காட்டப்பட்டது. தொகுதி அவ்வளவு சின்னதாக இருக்கும்போது தனி அட்டவணையை எழுதும் செலவே பெரிதாகிவிடும், அதனால் லைப்ரரி தானாகவே நிலையான அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. நினைவகம் குறைவான கருவிகளில் மெம்லெவலைக் குறைத்து வைப்பது வழக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

திருத்தம், அப்புறம் காத்திருப்பு

2018-இல் எய்டெடிகாம் என்ற நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பிழையைத் தெரிவித்தார், ஏப்ரல் 17 தேதியிட்டு ஆட்லர் திருத்தத்தை எழுதினார். அவரது குறிப்பிலேயே இந்தப் பிழை 13 ஆண்டு பதுங்கிக் கிடந்தது என்று சொல்கிறார்.

திருத்தம் மிக நேர்த்தியானது. பஃபரைப் பெரிதாக்கவில்லை, ஒரு பைட்கூடக் கூட்டவில்லை. தூரங்களை ஓரிடத்திலும் நீளங்களை வேறிடத்திலும் வைத்திருந்ததை மாற்றி, குறி ஒவ்வொன்றின் மூன்று பைட்டையும் அடுத்தடுத்து ஒரே வரிசையில் வைத்தார். இப்போது ஒரு குறியைப் படித்தால் 2 பைட்டுக்குப் பதில் 3 பைட் விடுபடும். 31 பிட்டே வந்தாலும் முன்பணத்திலிருந்து கரைவது குறிக்கு 0.875 பைட்தான், 16,384 குறிக்கும் சேர்த்து 14,336 பைட், முன்பணம் 16,384. எந்த உள்ளீட்டிலும் முந்த முடியாது. முன்பு சராசரியை நம்பி நின்றது இப்போது உச்சத்தை வைத்து நிற்கிறது.

இவ்வளவு நல்ல திருத்தம் மூல நிரல் களஞ்சியத்திலேயே தங்கிவிட்டது. 1.2.11 வந்தது 2017 ஜனவரியில், அடுத்த வெளியீடான 1.2.12 வந்தது 2022 மார்ச் 27-இல், ஓர்மண்டி சொல்லி மூன்று நாளில். நடுவே ஐந்து ஆண்டுக்கு மேல் வெளியீடே இல்லை. திருத்தக் குறிப்பில் எல்லை மீறிய அணுகலும் க்ராஷும் நேரலாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது, ஆனால் பாதுகாப்புப் பிழை என்று அன்றே எண் வாங்கவில்லை, எண் இல்லாததால் லினக்ஸ் விநியோகங்களின் கண்காணிப்பில் அது படவில்லை. தேடிப் படிக்கிறவருக்குப் பிழை திறந்து கிடந்தது, லைப்ரரியை ஓட்டுகிறவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. ஒருவரிருவர் பார்த்துக்கொள்ளும் லைப்ரரியிடம் வெளியீட்டு ஒழுங்கை மட்டும் பெரிய நிறுவனம் போலக் கேட்பது நியாயமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனாலும் நினைவகத்தைக் கெடுக்கும் பிழைக்கு ஒரு சிறு வெளியீடாவது அன்றே வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதை நம்பிப் பணம் சம்பாதித்த நிறுவனங்களில் யாராவது ஒருவர் ஆள் கொடுத்திருக்கலாம்.

2022-இல் விநியோகம் தொடங்கியபோது இன்னொரு தொல்லை தெரிந்தது. இசட்லிப் கணினியில் ஓரிடத்தில் இருப்பதில்லை, நிறைய மென்பொருள்கள் அதன் நகலைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. ரூபி மொழியின் எக்ஸ்எம்எல் லைப்ரரியான நோகோகிரி தன்னோடு கட்டிவரும் நகலை மாற்ற ஏப்ரலில் 1.13.4 வெளியிட்டது, ஆப்பிள் மே மாதம் மேக்ஓஎஸ் 12.4-இல் சரிசெய்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது.

உங்கள் நிரலில் எது ஓடுகிறது என்று பார்க்க, பைத்தானில் இசட்லிப் மாட்யூல் இரண்டு பதிப்பு எண்களைத் தரும், கட்டும்போது இருந்தது ஒன்று, இப்போது ஓடுவது ஒன்று. இரண்டாவதைப் பாருங்கள். எண்ணை மட்டும் நம்பவும் முடியாது: டெபியன் 11 லினக்ஸ் திருத்தத்தை எடுத்துப் பழைய 1.2.11-இலேயே ஒட்டிக் கொடுத்தது, எண் பழையது, பிழை இல்லை. அங்கே பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் சிவிஇ எண்ணைத் தேட வேண்டும்.

எதுவும் புரியாத பழைய நகல் கையில் இருந்தால் நேரடியாகவே சோதிக்கலாம். முதலில் 32 கிலோபைட் ரேண்டம் பைட்டுகள், அதன்பின் ஒவ்வொரு முறையும் 16,385-இலிருந்து 32,506-க்குள் ஏதாவது ஒரு தூரம் பின்னால் போய் 131-இலிருந்து 257-க்குள் ஒரு நீளத்தை வெட்டி ஒட்டிக்கொண்டே போங்கள், தூரத்தை மாற்றி மாற்றி எடுத்தால் அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றாகச் சேராது. 32,506 ஏன் என்றால், 32,768-இலிருந்து 262 கழித்த அந்த எல்லைக்கு மேல் இசட்லிப் பொருத்தம் தேடாது. மெம்லெவல் 1, உத்தி இசட்-ஃபிக்ஸ்டு, நிலை 9 (கீழ்நிலைகளில் தேடல் சங்கிலி சீக்கிரம் நின்றுவிடும், தூரத்துப் பொருத்தம் தவறிப்போகும்). சுருக்கி, விரித்து, மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரோடு கட்டிய நகலில் ஓட்டினால், எல்லை மீறிய படிப்பு நடக்கும் அந்த வரியையே அது காட்டிவிடும்.